பொத்தான் வைத்த போன்

ஜூன் 3, செவ்வாய்

போன் வந்துவிட்டது. இனி நாட்குறிப்பு இதில்தான். புத்தாண்டுக்கு அலுவலகத்தில் கொடுத்த டைரியில் கோடுகளை மிகவும் மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். என் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் அலைந்தேன். பாளையங்கோட்டைக் கடைகளில், ஸ்மார்ட்போன்தான் வேண்டும், ஆனால் திரைக்குக் கீழே எழுத்துப் பொத்தான்கள் முழுசாக இருக்க வேண்டும் என்று கேட்டால், வயதானவர்களுக்கான பெரிய எண் போனை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில், "மியூசியத்துல கேட்டுப் பாருங்க சார்" என்று சிரித்தார்கள். கடைசியில், பழைய போன்களைப் பழுதுபார்த்து விற்கும் ஒருவரைச் சென்னையில் பிடித்தேன். அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் திரையைத் தள்ளினால் அடியிலிருந்து பொத்தான் பலகை வெளியே வரும். "பாக்க அழகா இருக்கும் சார். ஆனா உள்ள ஒரு பட்டை வயர் ஓடுது, தள்ளித் தள்ளி அது ஒரு நாள் அறுந்துடும்" என்று அவரே சொன்னார். மற்றதில் பொத்தான்கள் நிலையாக இருக்கும். திரை சதுரம், பாதி உள்ளங்கைதான். அதையே அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சின்ன மேடு. விரல் தானாக இடம் கண்டுகொள்கிறது.

செண்பகத்துக்குப் பிடிக்கவில்லை. "ஊரே முன்னால போகுது. நீங்க மட்டும் பின்னால போறிய."

பதினைந்து வருடம் முன்பு இதுபோல ஒன்று என்னிடம் இருந்தது. நீதிமன்றத்தில் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை நீதிபதி மேல் வைத்தபடி முழுச் செய்தியையும் அடித்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடித் திரையில் விரல் எங்கே நிற்கிறது என்று விரலுக்கே தெரியாது. ஒரு நிருபருக்கு இது போதாதா? வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பொத்தான்களில் ஆங்கில எழுத்துதான். ஒலியை ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாறி விழுகிறது. "ஆட்சியர் ஆய்வு" என்று அடித்தேன். "ஆச்சி யார் ஆய்வு" என்று போய்விட்டது. செய்தி ஆசிரியர் தேவசகாயம் சார் அதை அலுவலகம் முழுக்கச் சத்தமாக வாசித்துக் காட்டினார். படம் ஏற்றும் எங்கள் செயலி இந்த போனில் ஓடாது. வங்கிச் செயலியும் அப்படியே. படத்தை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன்.

ஆனால் கை பழகிவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்து வருவதற்குள், போனைப் பார்க்காமலே இரண்டு செய்திகளை முடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

பிழைதிருத்தச் சிவப்புப் பேனா கேட்டேன். கடைக்காரர் கறுப்பைக் கொடுத்துவிட்டார். செண்பகம் எழுதிப் பார்த்துவிட்டுச் சிவப்புதான் என்கிறாள். வீட்டில் பல்பு சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

மலையடிவாரத்து அருவியில் திடீர் வெள்ளம். மதியம் தகவல் வந்தது, ஓடினோம். சாரலும் மழையும் சேர்ந்து அடித்தன. மற்ற நிருபர்கள் போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். ஈரக் கண்ணாடியில் ஒன்றும் அடிக்க முடியவில்லை. நான் போனைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு, பொத்தான்களைத் தடவி, எல்லோருக்கும் முன்னால் செய்தியை அனுப்பினேன். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று போலீஸ்காரர் அட்டையில் எழுதி வைத்திருந்த எண்ணிக்கையையும் சேர்த்து. எங்கள் இணையத்தில்தான் முதலில் வந்தது. தேவசகாயம் சார் போனில், "உன் மியூசியம் ஜெயிச்சிட்டுப்பா!" என்றார்.

மனம் நிறைந்து திரும்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

அட்டையில் இருந்தது மூன்று. நான் எட்டு என்று அனுப்பிவிட்டேன். எட்டுப் பேரைக் காணவில்லை என்று கால் மணி நேரம் இணையத்தில் கிடந்திருக்கிறது. அருவிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து அலுவலகத்துக்குப் போன் மேல் போன். ஓர் அம்மா பேசவே முடியாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாராம். காணாமல் போன மூவரும் மாலைக்குள் அக்கரையில் பத்திரமாகக் கிடைத்துவிட்டார்கள். நல்ல வேளை.

"மழையில அட்டை நனைஞ்சிருந்துது சார்" என்றேன்.

"மத்த நாலு பேருக்கு மூணுன்னுதானே தெரிஞ்சுது, பெருமாள்?" என்றார் தேவசகாயம் சார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ஆவுடை அக்கா வீட்டில் விருந்து. அக்கா மகன் தளவாய்க்கு ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலை தேர்வாகியிருக்கிறது. எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்தது. ஜூலை 11 அன்று மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. அத்தான் இறந்தபோது தளவாய்க்கு ஆறு வயது. சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்து அக்கா அவனைப் படிக்க வைத்தாள். இன்று தெருவுக்கே லட்டு கொடுத்தாள். தாய்மாமன் என்று எனக்கு முதல் லட்டு.

"மாமா, மொத நாள் நான் வண்டியில ஏறும்போது நீங்க பிளாட்பாரத்துல நிக்கணும்" என்றான் தளவாய். கடைக்குப் போய்வருகிறேன் என்று போய் வந்தவனிடம் சிகரெட் வாடை. அக்காவுக்குத் தெரியாது.

பேச்சு எப்படியோ அம்மாவின் தம்பியிடம் போனது. முப்பது வயதில் இரண்டு கண்ணும் போய், கடைசி வரை கட்டிலிலேயே இருந்தவர். "கள்ளச்சாராயம் குடிச்சாரு, கண்ணு போச்சு" என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறோம்.

இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தேன்.

ஜூன் 16, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி மாற்றத்தான். செண்பகத்திடம் பேட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வலது கண்ணை மூடச் சொன்னார்கள். எதிரே எழுத்து அட்டை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு வட்டம். சுற்றிலும் சுவர் தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. இடது கண் இப்படி ஆனது எனக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு நாளும் வலது கண் மூடி மறைத்திருக்கிறது.

டாக்டர் இளம்பெண். "உங்க அம்மா பக்கத்துல யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர இரண்டு வாரம். இன்னும் சில சொன்னார். அதையெல்லாம் இப்போது எழுத வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட ஸ்கூட்டரை விட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

பேருந்தில் போய் வருகிறேன். செண்பகம், "பஞ்சர் ஒட்ட ஒரு வாரமா?" என்றாள். டியூப் மாற்ற வேண்டும் என்றேன்.

செய்தித் தொடர்பு அலுவலர் எதிரே வந்து சிரித்தாராம், நான் கண்டுகொள்ளாமல் போனேனாம். "பெருமாளுக்குத் தலைக்கனம் வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். குரல் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

போன் திரையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிவிட்டேன். திரைக்கு நான்கு சொற்கள்தான் கொள்கின்றன. பரவாயில்லை, அடிப்பதற்குத் திரை வேண்டாம். 'a' பொத்தான் மட்டும் மண் ஏறி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஓர் எழுத்து இல்லாமல் தமிழில் எதையும் அடிக்க முடியவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், சரியாயிற்று.

ஜூன் 26, வியாழன்

வலது கண்ணிலும் புகை.

ஜூன் 30, திங்கள்

முடிவு வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

இது கண் நரம்பு நோய். ரத்தத்தில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது, அப்பாவிடமிருந்து வராது. அம்மாவின் தம்பிக்கு வந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். எல்லோருக்கும் கண் போகாது. ரத்தத்தில் இருந்தும் கடைசி வரை ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. ஆண்களுக்குத்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் இளம் வயதில். ஓரப் பார்வை எனக்கு மிஞ்சும். வாசிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் கஷ்டம். மாத்திரை ஒன்று இருக்கிறது, முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

அப்புறம் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அக்கா."

"அவங்களுக்குப் பையன் இருக்கானா? அவன் சிகரெட், குடி எதையும் தொடக் கூடாது. அது இத தூண்டி விட்டுடும். நீங்க அவங்ககிட்ட கட்டாயம் சொல்லணும் சார்."

சிகரெட், குடி பற்றி முதல் நாளே சொன்னார். நான்தான் எழுதவில்லை.

ஜூலை 2, புதன்

அக்காவிடம் சொன்னேன். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேச கத்திச் சத்தம் நின்றது.

"உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் முதலில். பக்கத்தில் வந்து என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். "எப்ப இருந்துல? ஏன்ல சொல்லல?"

தளவாய் பெயரை எடுத்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லாமலும் இருக்கலாம் அக்கா. ஆனா சிகரெட்..."

"அவன் குடிக்க மாட்டான்."

"குடிக்கான் அக்கா."

"இன்னும் ஒன்பது நாள்ல மெடிக்கல். ரயில்வே டாக்டரு பாத்துச் சரின்னு சொன்னா சரிதான. நீ எதுக்குல நடுவுல வார? பதினெட்டு வருசமா ஒத்தையில நின்னு வளத்துருக்கேன்." குரல் கீழே இறங்கியது. "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்ன, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல, பாத்துக்கோ."

வெளியே தெருவில் தளவாயின் பைக் சத்தம் கேட்டது. அக்கா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நான் அவனிடம் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

தளவாய்க்குச் செய்தி அடித்தேன், அழித்தேன். திரும்ப அடித்தேன். விரலுக்கு எல்லாம் தெரிகிறது. அனுப்பும் பொத்தான் இருக்கும் இடமும் தெரிகிறது.

அனுப்பவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் செண்பகம் என் எதிரே வந்து நின்றாள்.

"எம் பொட்டு நேரா இருக்கா?"

"இருக்கு."

"என்ன கலரு?"

"சிவப்பு."

அவள் உள்ளே போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னைக்குப் பொட்டே வைக்கல."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நேத்து முறுக்குன்னு தந்தது தட்டை. ஒண்ணும் சொல்லாமத் தின்னிய. பஞ்சர் கடைக்காரரு வண்டி எங்கிட்ட வரவே இல்லம்மான்னு சொல்லுதாரு. வண்டிய எங்க வச்சிருக்கிய?"

"ஆபீஸ் ஷெட்டுல."

"இந்தப் போனு... இதுக்குத்தான் வாங்கினியளா?"

"ஆமா" என்றேன். ஒரு மாதத்தில் இதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். "கண்ணாடி போன்ல எழுத்து எங்க இருக்குன்னு தெரியல செண்பகம். எல்லாம் வழுக்கிட்டுப் போகுது."

அவள் அழுதாள், திட்டினாள், ஸ்கூட்டரில் தன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போன நாட்களை எண்ணிப் பார்த்து மறுபடி திட்டினாள். பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். தளவாய் விஷயத்தையும் சொன்னேன், அக்கா சொன்னதையும்.

"மயினி கோவப்படட்டும்" என்றாள். "ஒரு கண்ணு போனது உங்களுக்கே தெரியல. அவன் பின்னால ஆயிரம் பேர ஏத்திட்டுப் போவான். நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

ஜூலை 6, ஞாயிறு

தளவாயே கூப்பிட்டான். பாளையங்கோட்டை ஸ்டேஷனுக்கு வாங்க மாமா, இன்ஜினைப் பக்கத்தில் காட்டுகிறேன் என்றான். செண்பகம் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். எந்த நெம்புகோல் எதற்கு என்று அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அந்தா பாருங்க, பச்சை விழுந்துட்டு. இப்ப வண்டி எடுப்பான்."

"எங்கடே?"

"அந்தா, கம்பத்துல."

"எனக்குக் கம்பமே தெரியல தளவாய்."

வண்டி எங்களைக் கடந்து போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் சொல்லிவிட்டேன். இடது கண், வலது கண், ரத்தம், அம்மாவின் தம்பி, சிகரெட். எதையும் விடவில்லை.

"எனக்கு இருக்கா?" என்றான்.

"தெரியாது. ரத்தம் கொடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இருந்தாலும் வராமலே போகலாம்."

"அப்பொறம் எதுக்கு மாமா சொல்லுதிய? இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. அஞ்சு நாளு கழிச்சுச் சொன்னா என்ன?"

"அஞ்சு நாள் கழிச்சு நீ வேலையில சேந்துருவ. அதுக்கப்புறம் என்னால சொல்லவே முடியாது."

எழுந்து நின்றான். "எல்லாரும் எனக்கு லட்டு ஊட்டினாங்க. நீங்க என்ன ஊட்டுதிய?" பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டான்.

ஆட்டோ பிடிக்க எனக்குக் கண் தெரியாது என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். என்னை ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் முகவரி சொன்னான்.

ஜூலை 7, திங்கள்

அக்கா போனில் கத்தினாள். நான் முழுசாகக் கேட்டேன். கடைசியில், "இனி எங்க வாசல் மிதிக்காத" என்றாள்.

ஜூலை 9, புதன்

தேவசகாயம் சாரிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அருவி அன்னைக்கே எனக்குச் சந்தேகம். நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். இனி வெளியூர்ச் செய்தியாளர்கள் போனில் சொல்வதைக் கேட்டு எழுதும் வேலை. எண்கள் வந்தால் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். காதில் ஹெட்போன், கையில் இந்த போன். இன்று ஐந்து செய்தி அடித்தேன். பிழை இரண்டுதானாம்.

அடித்ததை போனே சத்தமாக வாசிக்க ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பெண் குரல் நல்லபெருமாள் என்ற என் முழுப்பெயரை "நல்ல பெரு மால்" என்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இன்று தளவாய்க்கு மருத்துவப் பரிசோதனை. அக்கா வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. செண்பகம் கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

தெரிந்தவர் மூலம் கேட்டோம். தேறிவிட்டானாம். கண் மிக நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம்.

சந்தோஷப்படவும் முடியவில்லை, பயப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜூலை 24, வியாழன்

அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "மாமா" என்றான். சிகரெட் வாடை இல்லை.

உள்ளே வந்து, செண்பகம் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தான்.

"ரத்தம் குடுத்தேன் மாமா. மெடிக்கலுக்கு மூணு நாளு முன்னாலயே குடுத்துட்டேன். நேத்து வந்துச்சு."

நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"இருக்கு."

செண்பகம் அவன் தலையில் கை வைத்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க, வரணும்னு இல்ல, வராமலே போகலாம்னு. சிகரெட்ட நீங்க சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன். ஆனா மாமா, ஒரு கண்ணு போனது உங்களுக்கே தெரியலன்னு சொன்னியள்லா. மெடிக்கல்ல தேறின அன்னைக்கு எல்லாரும் கை குடுத்தாங்க. எனக்கு அது ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருந்துது. சிக்னல் வரும்போதெல்லாம் ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பாத்துக்கிட்டு எப்படி மாமா வண்டி ஓட்ட?" டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சேரலன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"அம்மா?"

"சொல்லிட்டேன். பேசவே இல்ல. கிளார்க் பரீட்சையும் எழுதிருக்கேன். அது வரும்."

அவன் அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் இருக்கும் இடத்தில் புகைதான். "அழுவுதியாடே?" என்று கேட்டேன். "இல்ல மாமா" என்றான். அந்தக் குரலைக் கேட்டபிறகு எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கையைத் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் அவனும் உருவிக்கொள்ளவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் ஆவுடை அக்கா வந்தாள். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. என்னிடம் பேசாமல் நேரே அடுக்களைக்குப் போய், செண்பகத்திடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான் கூடத்தில் இதே போனை வைத்துக்கொண்டு, எதையும் அடிக்காமல் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு வழியாக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அது எங்கிட்ட இருந்துதான அவனுக்குப் போச்சு?" என்றாள்.

இவ்வளவு நாளும் அவளுக்கு என் மேல்தான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாகிட்ட இருந்து நமக்கு வந்துது அக்கா. அம்மாவுக்கு யாரு குடுத்தாவளோ. யாரும் தெரிஞ்சு குடுக்கலையே."

"பால் குடுத்தேன், சோறு குடுத்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இதையும் சேத்துல்லா குடுத்துருக்கேன்."

"அவன் கண்ணு இன்னைக்கு நல்லா இருக்கு. நாளைக்கும் நல்லா இருக்கும். அவன் புத்தியும் நல்லா இருக்கு. அதுவும் நீ குடுத்ததுதான்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நேரே பார்த்தால் அவள் முகம் இருக்காது என்று இத்தனை நாளில் தெரிந்துகொண்டிருக்கிறேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஓரத்தில் அவள் வந்தாள்: பாதி நரைத்த தலை, பச்சையோ நீலமோ ஒரு சேலை, மடியில் கோத்துக்கொண்ட கைகள். மெலிந்திருந்தாள்.

"ஏன்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்ட?" என்றாள். "எம் மேல அவ்வளவு கோவமா?"

"இல்ல அக்கா" என்றேன். "இப்பத்தான் உன்னப் பாக்கேன்."